என் பாத்ரூமை அளந்த ரேஞ்சர்

பச்சைமலை அடிவாரத்தில் காடு எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். சர்வேயருக்குத் தெரியாது. பத்திரத்துக்குத் தெரியாது. காட்டுப்பன்றிகளுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அவை ஒப்புக்கொள்வதில்லை. ரேஞ்சருக்கு மட்டும் அங்குலம் பிசகாமல் தெரியும்.

ரேஞ்சர் என்றால் நிஜ ரேஞ்சர் இல்லை. தினக்கூலிக் காட்டுக் காவலர். மேலே காக்கிச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. ஊரே அவரை ரேஞ்சர் என்றுதான் கூப்பிடும். ஒருமுறை நிஜ ரேஞ்சர் ஜீப்பில் வந்து டீக்கடையில் விசாரித்தபோது, "ரேஞ்சர் இப்பத்தான் மேல போனாரு. நீங்க யாருங்க?" என்று கேட்டாராம் கடைக்காரர்.

இவரிடம் நான் மாட்டிக்கொண்டதற்கு என் வாய்தான் காரணம். திருச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். 'காடு, விவசாயம், வளர்ச்சி: ஒரு சமநிலை' என்று நாற்பது ஸ்லைடுகளில் ஒரு சொற்பொழிவு வைத்திருந்தேன். கூப்பிட்ட மேடையிலெல்லாம் பேசினேன். கூப்பிடாத கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேசினேன். பேசிப் பேசி எனக்கே நம்பிக்கை வந்து, காட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் வாங்கிவிட்டேன். கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் ஒரு ஷெட் போட்டு, மயில் அகவுவதைக் கேட்க சென்னையிலிருந்து வருபவர்களிடம் வாடகை வாங்கும் யோசனை.

ஷெட்டும் பாத்ரூமும் கட்டி முடித்த மறுநாள் டி.வி.எஸ். எக்ஸெல்லில் ரேஞ்சர் வந்தார். டேப்பை இழுத்து அளந்தார். காலால் அளந்தார். ஒரு வேப்பமரத்தடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், ஷெட்டு உங்களுது. பாத்ரூம் கவர்மெண்டுதுங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"அஞ்சடி காட்டுக்குள்ள இருக்கு. கதவு உங்க பக்கம், கக்கூஸ் கோப்பை எங்க பக்கம்."

ஆக்கிரமிப்பைப் பற்றி மட்டுமே என்னிடம் ஆறு ஸ்லைடுகள் இருந்தன. அவற்றில் பாத்ரூம் வரவில்லை. இடித்தேன். செங்கல்லை எடுத்து அடுக்க அவரும் கூட நின்றார். "நீங்க உள்ள உட்கார்ந்திருக்கும்போது வந்து சொல்லலையே, அதுக்குச் சந்தோஷப்படுங்க" என்றார்.

அடுத்து மக்காச்சோளம் போட்டேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு காலையில் போய்ப் பார்த்தால், வயலில் யாரோ பாய் விரித்துப் புரண்டதுபோல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ரேஞ்சர் குனிந்து குளம்புத் தடத்தைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"டீச்சரம்மா வந்துட்டுப் போயிருக்காங்க."

"எந்த டீச்சர்?"

"பெரிய தாய்ப்பன்னிதாங்க. குட்டிங்களை வரிசையாத்தான் கூட்டிட்டு வரும். போன தடவை ஆறு. இப்ப அஞ்சு தடம்தான் தெரியுது." பூரிப்பு போய் முகம் வாடிவிட்டது. என் இரண்டு ஏக்கருக்கு வராத வாட்டம்.

பக்கத்து வயல்காரர் செல்லமுத்து அண்ணனுக்கு என்னைவிடப் பெரிய அடி. எனக்குச் சோளம் போனால் ஒரு ஸ்லைடு கூடும். அவருக்கு மாட்டுத் தீவனமும் வீட்டுச் சாப்பாடும் போகும். "இனி வேலியில கரண்டு விடுறதுதான் வழி சார்" என்றார். நான் தத்துவம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. திருச்சிக்குப் போய், நல்ல கெட்டியான கம்பியாக நானே வாங்கி வந்தேன். என் வாழ்நாள் சமநிலை இருபது கிலோ கம்பியில் முடிந்தது.

கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது ரேஞ்சர் வந்தார். கோபப்படுவார், கேஸ் போடுவேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"கட்டுங்க. விடியக்காலம் நான் இந்த வழியாத்தான் ரவுண்டு வருவேன். முதல்ல என் கால்தான் படும். பன்னி எனக்கு அப்புறம்தான்."

செல்லமுத்து அண்ணன் வெடித்தார். "உங்களுக்கென்ன, காட்டைக் காப்பாத்தினாப் போதும். எங்களை யாரு காப்பாத்துறது?"

"எனக்கும் முக்கால் ஏக்கர் கடலை போச்சுண்ணே. போன வாரம். யார்கிட்டயும் சொல்லல. பன்னி மிச்சம் வச்சதைப் பொறுக்கி வீட்டுக்காரி வறுத்துக் குடுத்தா. தின்னுக்கிட்டே அழுதேன்."

செல்லமுத்து அண்ணன் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார். கட்டத் தெரியாத நான், அவிழ்க்கும்போதாவது உதவலாம் என்று போய் விரலைக் கிழித்துக்கொண்டேன்.

"காட்டை ஒட்டின பட்டையில எள்ளு போடுங்க, அதைப் பன்னி தொடாது. சோளத்தைச் சுத்திப் பழைய சேலையைக் கட்டுங்க. காத்துல ஆடினா கிட்ட வர யோசிக்கும்" என்றார் ரேஞ்சர்.

சேலை சேகரிக்கும் பொறுப்பு எனக்கு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய சேலை கேட்டேன். முதல் வீட்டிலேயே அந்த அம்மாள், "மூணு புடவைக்கு என்ன பாத்திரம் தருவேள்?" என்றார். நான் பேராசிரியர் என்று சொன்னேன். "அப்போ எவர்சில்வர் இல்லையா?" என்று கதவைச் சாத்திவிட்டார். கணக்குக்குக் குறைந்ததால் எங்கள் வீட்டு மேல் அலமாரியில் கைக்கு வந்ததையெல்லாம் மூட்டை கட்டி ரேஞ்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து வாசலில் ரேஞ்சர். அன்று லுங்கி இல்லை, வெள்ளை வேட்டி. துறையூர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்திருக்கிறார். மஞ்சள் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார். மடிப்புக் கலையாத அரக்குப் பட்டு.

"ஜரிகையைப் பார்த்தேன்மா. பன்னிக்கு இவ்வளவு வேணாங்க."

அது எங்கள் கல்யாணப் புடவை. மனைவி அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வைக்கு, கம்பியில் கரண்ட் விடுவது எவ்வளவோ மேல். ரேஞ்சருக்கு மட்டும் ரவா கேசரி கிடைத்தது.

பன்றிகள் அடியோடு நின்றுவிட்டன என்று சொன்னால் பொய். குறைந்தன. செல்லமுத்து அண்ணன் அந்த வருடம் பாதிக்கு மேல் சோளம் எடுத்தார், எள்ளும் எடுத்தார். பாத்ரூம் இல்லாததால் என் ஷெட்டில் யாரும் தங்கவில்லை. ஆனால் பகலில் வந்துபோகிறவர்கள் உண்டு. ரேஞ்சர் லீவு நாளில் அவர்களை எல்லைக்கு இந்தப் பக்கமாகவே நடத்திக்கொண்டு போய் மயில் காட்டுவார். சாப்பாடு செல்லமுத்து அண்ணன் வீட்டில். வருகிற வருமானம் அவர்கள் இருவருக்கும். எனக்கு நடக்கத் தெரியாது, சமைக்கவும் தெரியாது. சொற்பொழிவை யாரும் கேட்பதில்லை, நானும் நிறுத்திவிட்டேன்.

போன சனிக்கிழமை, வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். ரேஞ்சருக்குக் காய்ச்சல் என்று டீக்கடையில் சொன்னார்கள். அவர் வீட்டில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீச்சரம்மாவுக்கு மறுபடி ஆறு குட்டி என்று போர்வைக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்ந்ததும் பஸ் பிடித்தேன்.

"எள்ளு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

அப்போதுதான் நினைவு வந்தது, நான் வயல் பக்கமே போகவில்லை.