பூஜ்யத்தைக் கண்டு பயந்தவன்

திரையில் பூஜ்யம் வந்திருந்தது. வெண்டல் ஹாவ்கன் பயந்துபோய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

வேறு யாராவது பார்த்தால் இவனுக்குப் பைத்தியம் என்பார்கள். அமெரிக்காவில் டுலூத் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் நிலவறையில் அவன் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்ததே பூஜ்யத்தைத்தான். அணுவின் நடுவில் நேர் மின்னூட்டம், சுற்றிலும் எதிர் மின்னூட்டம், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், ஆகவே மொத்தத்தில் அணுவுக்கு மின்னூட்டமே இல்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். எவ்வளவு துல்லியமாக இல்லை என்று அளப்பது வெண்டலின் வேலை. இல்லாத ஒன்றை அளக்க அரசாங்கம் பணம் கொடுக்கிறது. இல்லவே இல்லை என்று நிரூபித்தால் இன்னும் கொடுக்கும். மனுஷன் நிறையப் படித்தால் இப்படியும் பிழைக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், திரையில் தெரிவது உண்மையான விடை இல்லை. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விடை வரவேண்டுமென்று மனசு ஆசைப்படுகிறதோ, அது வரும்வரை தங்கள் கை சும்மா இருக்காது என்று விஞ்ஞானிகளுக்கே தெரியும். அதனால் சோதனை தொடங்கும்போதே சம்பந்தமில்லாத ஒருவரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டருக்குள் ஒரு ரகசிய எண்ணைப் போடச் சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டர் உண்மையான விடையோடு அந்த எண்ணைக் கூட்டித்தான் காட்டும். வேலையெல்லாம் முடிந்தபின் நாலு பேரைக் கூட்டிவைத்து, போட்டவரே எண்ணைச் சொல்லுவார். அதைக் கழித்தால் மிஞ்சுவது உண்மை.

அப்படியானால் திரையில் பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம்? ரகசிய எண் ஐந்து என்றால் அணுவின் மின்னூட்டம் மைனஸ் ஐந்து. ஐம்பது என்றால் மைனஸ் ஐம்பது. எப்படிப் பார்த்தாலும் அணுவிடம் கோளாறு, இல்லாவிட்டால் வெண்டலிடம் கோளாறு. அணுவைக் குறை சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

மாசக் கடைசியில் எண்ணைத் திறக்கும் விழா. உண்மையான விடை பூஜ்யமாக வந்தால் அவனுக்கு இங்கேயே நிரந்தர வேலை. வராவிட்டால் வேறு ஊர், வேறு நிலவறை. அவன் மனைவி கிறிஸ்டா இவனுக்காக ஏற்கெனவே மூன்று ஊர் மாறியவள். போன வாரம் சாப்பிடும்போது தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "இந்தத் தடவ போறதுன்னா நீ மட்டும் பெட்டி கட்டு." அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. வெண்டலுக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

அவனுடைய ஆய்வுக்குழுவின் தலைவர் பேராசிரியர் மார்கரெட் ஸ்டென்சன். அவர் திரைப் பக்கமே வருவதில்லை, பார்த்தால் மனசு கெட்டுவிடும் என்பார். வெண்டல் அவரிடம் போய் நின்றான்.

"மார்கரெட், ஒரு சந்தேகம். திரையில வர்ற நம்பரு..."

"சொல்லாத." அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொன்னேன்னா இத்தன நாள் பட்ட பாடெல்லாம் குப்பைக்குப் போயிரும். உன் மனசுக்குச் சரின்னு படுறதச் செய்."

மனசுக்குச் சரி என்று படுவதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தானே இந்த ஏற்பாடே என்று வெண்டல் கேட்கவில்லை. வேலை வேண்டுமே.

ரகசிய எண்ணைப் போட்டவர் லொரைன் மாக்கி. துறை அலுவலகத்தில் முன் மேசை அவருடையது. அவரிடம் நேரடியாகக் கேட்பது பெரிய குற்றம். அதனால் வெண்டல் ஒரு பெட்டி டோனட்டோடு போய், பனியைப் பற்றிப் பேசினான், ஏரி இன்னும் உறையாததைப் பற்றிப் பேசினான், பிறகு சுற்றி வளைத்து, எல்லாருக்கும் மனசுக்குப் பிடித்த எண் என்று ஒன்று இருக்குமே என்றான்.

"எனக்குப் பத்தொம்பதுதான் கண்ணு," என்றார் லொரைன், டோனட்டைக் கடித்துக்கொண்டே. "என் பையன் கைல் ஹாக்கியில போடுற சட்டை நம்பரு. லாட்டரி எடுத்தாலும் அதான், தேவாலயத்துல பிங்கோ ஆடினாலும் அதான்."

"ஜெயிச்சிருக்கீங்களா?"

"ஒரு தடவகூட இல்ல. அதுக்காகப் பெத்த புள்ள நம்பர மாத்த முடியுமா?"

வெண்டலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரகசிய எண் பத்தொன்பது. திரையில் பத்தொன்பது வந்தால்தான் உண்மை பூஜ்யம். இப்போது வருவது பூஜ்யம். ஆக, பத்தொன்பது அளவுக்குக் கருவியில் பிசகு. பிசகைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது குற்றமில்லை, கடமை. இப்படி நினைத்தவுடன் அவன் மனசாட்சி நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

அணுக்கள் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஓடும். மின்னூட்டம் இருந்தால் ஒரு பக்கமாக ஒதுங்கும். முதலில் தகடுகளைக் கழற்றி ஆல்கஹால் போட்டுத் துடைத்து மாட்டினான். திரையில் மைனஸ் ஏழு. பத்தொன்பதுக்குப் போகச் சொன்னால் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. தகடுகள் சரியாக உட்காரவில்லை போலும் என்று மறுபடி கழற்றி இறுக்கி மாட்டினான். மைனஸ் பன்னிரண்டு. எர்த் கம்பியைப் பழைய குழாயிலிருந்து பிடுங்கிப் புதுக் குழாயில் கட்டினான். மைனஸ் இருபத்து மூன்று, அதோடு மாடியில் யாராவது லிஃப்டில் ஏறினால் எண்ணும் கூடவே ஏறி இறங்கியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, இங்கே பூதம் லிஃப்டில் வந்தது.

கருவியைத் தொடத் தொட மோசமாகிறது என்று புரிந்ததும், கைவைக்க மிச்சமிருந்தது அளவுகள்தான். லிஃப்ட் ஓடிய நேரத்து அளவுகளை நீக்கினான். பனி அள்ளும் வண்டி வெளியே உறுமிய நாட்களை நீக்கினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் எழுதினான், நியாயங்கள் உண்மையிலேயே பிரமாதமாக இருந்தன. எண் மெல்ல ஏறி ஆறு வந்தது, பதினொன்று வந்தது, அங்கேயே அடம்பிடித்து நின்றது.

அப்போது கதவுப் பிடியைத் தொட்டவனுக்குச் சுரீரென்று பொறி பறந்தது. அந்த ஊர் வறண்ட குளிரில் கம்பளிச் சட்டை போட்டவனெல்லாம் நடமாடும் மின்சாரம்தான். தான் கம்பளிச் சட்டை போட்டிருந்த நாட்கள் எல்லாவற்றையும் நீக்கினான். திரையில் பதினேழு. அன்றிலிருந்து மெல்லிய பருத்திச் சட்டையோடு நடுங்கிக்கொண்டே புதிதாக அளந்தான். வீட்டுக்கு வந்து இருமியவனைப் பார்த்து, கம்பளிச் சட்டை எங்கே என்று கிறிஸ்டா கேட்டாள். அறிவியலுக்காக என்றான். அறிவியல் வந்து கஷாயம் வைத்துக் கொடுக்குமா என்று கேட்டுவிட்டு, அவளே வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அந்த வாரக் கடைசியில் திரையில் பத்தொன்பது வந்து, அசையாமல் நின்றது. வெண்டல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விழாவுக்குத் துறையே திரண்டு வந்தது, கேக் இருந்ததால். கிறிஸ்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மார்கரெட் முதல்முறையாகத் திரையைப் பார்த்து, "பத்தொம்பது" என்று உரக்க வாசித்தார். பிறகு வெண்டல் தோளில் கைவைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். விடை பூஜ்யம் என்று உறுதியானால் இனி இந்த ஆய்வுக்கூடத்தில் இவனுக்கு நிரந்தரமாக ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லாமல் சொன்னார். வெண்டல் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். கிறிஸ்டா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"சரி லொரைன், நீங்க அன்னைக்குப் போட்ட நம்பரச் சொல்லுங்க," என்றார் மார்கரெட்.

லொரைன் விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இத்தனை பேர் பார்ப்பதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

"நம்பரு என்ன பெரிய நம்பரு, எல்லாரும் பூஜ்யம் வரணும், பூஜ்யம் வரணும்னு அவ்வளவு தவிச்சீங்களே, பாவம், உங்களுக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்னு நான் பூஜ்யத்தையே போட்டு விட்டுட்டேன் கண்ணு."