பதினேழாவது நோட்டீஸ்

ஒரு காட்டில், மண்ணுக்கடியில் நிலக்கரி இருக்கிற விஷயம் தெரியவரும் வரை, எல்லாரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். தெரிந்த மறுநாளே பூவராகன் என்ற காட்டுப்பன்றி உரிமம் வாங்கித் தோண்ட ஆரம்பித்துவிட்டது. தோண்டி முடித்ததும் குழியை மூடி மரம் நட வேண்டும் என்பது நிபந்தனை. கரி தீர்ந்தது. குழி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

இதைக் கவனிக்க வேண்டிய அதிகாரி கொண்டையப்பர் ஒரு மரங்கொத்தி. கை கிடையாது என்றாலும் கை சுத்தமானவர். முத்திரையை அலகாலேயே குத்துவார். அவருக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. குழியின் விளிம்பில் நின்ற வேங்கை மரத்துப் பொந்துதான் அவர் வீடு.

"என்னங்க, இன்னிக்கும் ரெண்டடி மண்ணு சரிஞ்சிருச்சு. மழைக்கு முன்னாடி அந்தப் பன்னியைக் குழிய மூடச் சொல்லுங்க. முட்டை ரெண்டு இருக்கு" என்றாள் மனைவி பவளம்.

கொண்டையப்பர் நேரிலேயே போனார்.

"வாங்க சார், கிழங்கு சாப்பிடுறீங்களா?" என்றது பூவராகன்.

"குழிய ஏன்யா மூடல?"

"தோண்டுறது எங்க பரம்பரைத் தொழில் சார். மூடுறதுக்கு எங்க வம்சத்துலயே ஆளில்ல. ஆனா மரம் நட்டுட்டேன்."

நானூறு போட்டோக்களை நீட்டியது. நானூறிலும் ஒரே வேப்பங்கன்று, ஒரே தொட்டியோடு, வெவ்வேறு இடத்தில் நின்றது.

கொண்டையப்பருக்கு வந்ததே கோபம்! அன்றே நோட்டீஸ் அனுப்பினார். பூவராகன் பணிவாகக் கையெழுத்துப் போட்டு வாங்கி, அதைக் குழிக்குள் எறிந்தது.

இரண்டாவது நோட்டீஸ் தயாரானபோது குமாஸ்தா ஓணான் குறுக்கிட்டது. "ஐயா, பழைய நோட்டீசைப் 'பார்வை'யில காட்டணும். காட்டினா நகலும் இணைக்கணும். பன்னெண்டு பிரதி."

ஆபீஸ் நடைமுறையை யார் மாற்ற முடியும்? மூன்றாவதோடு முதல் இரண்டும், நான்காவதோடு முந்தைய மூன்றும், அவற்றின் இணைப்புகளும், இணைப்புகளின் இணைப்புகளும் போயின. பத்தாவது நோட்டீசை நாலு யானைகள் சுமந்தன. எல்லாம் குழிக்குள்தான் போயிற்று. காகிதம் செய்து கொடுத்தவை குளவிகள். அதற்குக் குளவிகள் கேட்டது மரம்.

பதினேழாவது நோட்டீசுக்குக் காகிதம் போதவில்லை.

"எந்த மரமா இருந்தா என்ன, வெட்டுங்கய்யா! இந்தத் தடவை அவனை விடுறதா இல்ல" என்று கத்திவிட்டு, ஓணான் நீட்டிய தாளைப் படிக்காமலே டொக்கென்று முத்திரை குத்தினார் கொண்டையப்பர். ஓணான் தலையாட்டியது. அது எதற்கும் தலையாட்டும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வீட்டைக் காணோம். வெட்டுப்பட்ட அடிமரத்தின் மேல் பவளம் முட்டைகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஆபீஸ் ஆளுங்கதான் வந்தாங்க. உங்க முத்திரையைக் காட்டினாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

பாவம், மனுஷன் அடிமரத்தை மூன்று தடவை சுற்றிவந்தார். அதாவது, மரங்கொத்தி. சுற்றுமுற்றும் பார்த்தார். காட்டில் ஒரு மரம் பாக்கி இல்லை.

நாலு நாள் கழித்துப் பூவராகன் மூச்சிரைக்க ஓடிவந்தது. "சார், குழி மூடியாச்சு!"

நிஜம்தான். பதினேழாவது நோட்டீஸ் விழுந்ததும் குழி தரைமட்டத்துக்கு நிரம்பிவிட்டது. உச்சியில் அந்த வேப்பங்கன்று, இந்தத் தடவை தொட்டி இல்லாமல். கொண்டையப்பர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மூட வேண்டும் என்றுதான் இருந்தது, எதைப் போட்டு என்று இல்லை. நேர்மையான அதிகாரி வேறென்ன செய்வார்? நிறைவுச் சான்றிதழில் முத்திரை குத்தினார்.

"அப்படியே இதையும் பாருங்க சார், அடுத்த குழிக்கு விண்ணப்பம்" என்றது பூவராகன். "மரம் இருந்தா அனுமதிக்கு இழுத்தடிப்பாங்க. இப்ப அந்தத் தொந்தரவே இல்ல. எல்லாம் உங்க புண்ணியம்."

பவளம் இப்போது ஆபீசில், 'நிலுவை' என்று எழுதிய தட்டில் அடைகாக்கிறாள். வேப்பங்கன்று பொந்து குடைகிற அளவுக்குப் பருக்க முப்பது வருஷம் ஆகுமாம்.

நீதி: குழியை மூட மண்ணைத் தேடி அலையாதீர்கள். கடமை தவறாத அதிகாரி ஒருவர் இருந்தால் போதும்.