பிளக் குத்தாத கம்பியர்

பாரிஸ் மாநகரத்தில் எத்தனையோ பேர் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்திருக்கிறார்கள். மேடையில் நின்று வாசித்தவர்கள் உண்டு, தரையில் உருண்டு வாசித்தவர்களும் உண்டு. ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரை மின்சாரமே இல்லாமல், வருடக்கணக்காக, ஒருவர் காதிலும் விழாமல் வாசித்த கலைஞர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அறைக் கம்பியர்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் பாதிரியாருக்கும் பொலிசுக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் கம்பியர். ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தவராம். சந்தேகம் என்றால் மன்னாரில் போய்க் கேட்கலாம், ஆனால் சண்டைக்குத் தப்பி ஓடிவந்த எங்களில் யார் அப்போது மன்னாருக்குப் போகிற நிலையில் இருந்தோம்?

எண்பதுகளின் நடுப்பகுதி அது. லா சப்பலில் இன்றைக்கு இருக்கிற நகைக்கடையும் புடவைக்கடையும் முளைக்காத காலம். ஐந்தாம் மாடியில் எங்கள் அறை. லிப்ட் கிடையாது. ஏழு பேர் இருந்தோம், ஆனால் ஞாயிறு தவிர ஏழு பேரையும் ஒன்றாக நிமிர்ந்த நிலையில் கண்டவர் கிடையாது. மூன்று பேர் இரவு வேலை, நான்கு பேர் பகல் வேலை. ஒருவன் எழும்பின சூடு ஆறுமுன்னம் மற்றவன் அதே மெத்தையில் விழுவான். அறையை எடுத்தவரும் எங்களுக்குத் தலைவருமான பிலிப்பு அண்ணை ஒரேயொரு சட்டம்தான் போட்டிருந்தார்.

“இஞ்சை நித்திரை கொள்ளுறவன்தான் ராசா. அவனை எழுப்புறவன் வெளியிலை.”

இந்த அரண்மனைக்குள்தான் ஒருநாள் கம்பியர் கிளிஞ்ஞான்கூர் பழஞ்சாமான் சந்தையிலிருந்து ஒரு கிட்டாரோடு ஏறி வந்தார். மண்ணிறக் கட்டை, யாரோ ஒரு யப்பான்காரன் எதையோ பார்த்துச் செய்த நகல். கொம்பனியின் பெயர் இருந்த இடத்தைச் சுரண்டியிருந்தார்கள். பிலிப்பு அண்ணைக்குக் கண் சிவந்தது.

“உமக்கென்ன விசரோ? ஆக்கள் படுக்கிற அறைக்குள்ளை கண்டறியாத கிட்டார்!”

“அண்ணை, இது எலெக்ட்ரிக். பிளக் குத்தினாத்தான் கத்தும். குத்தாட்டி வாயில்லாச் சீவன்.”

“பேய்க்கதை கதையாதையும்.”

கம்பியர் கிட்டாரோடு அறைக்குள் நடந்தார். சுவரோரம் பாண் ராசன் படுத்திருந்தான். பேக்கரியில் இரவு முழுவதும் மா அடித்துவிட்டு வந்து காலைமுதல் நித்திரை. அறையிலேயே மெல்லிய நித்திரைக்காரன் அவன்தான், நாக்கோ அதற்கு நேர்மாறு. கம்பியர் அவன் தலைமாட்டில் குந்தி, கிட்டாரை அவன் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு முழுப்பாட்டையும் வாசித்தார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ராசன் கண்ணைத் திறக்காமலே காதோரத்தில் பளீரென்று ஒரு அடி அடித்து, “சனியன் பிடிச்ச நுளம்பு” என்று முனகிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

வழக்கு முடிந்தது. கிட்டாருக்கு அறையில் வதிவிட உரிமை கிடைத்தது. எங்களில் பாதிப் பேருக்கு அது இன்னும் கிடைத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து கம்பியருக்குச் சந்தை ஞாயிறு என்றால் பூசை ஞாயிறு மாதிரி. அடுத்ததாக ஒரு வெள்ளைக் கிட்டார் வந்தது, கழுத்து கொஞ்சம் கோணல். அதற்கடுத்தது இரண்டு கொம்போடு ஒரு கறுப்புக் கிட்டார். எல்லாம் மலிவு, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை. நல்லதாக ஒன்றை வாங்கினால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“தம்பி, விலை கூடினதை வாங்கினா அதுக்கு நான் காவல் இருக்கோணும். இதுகள் எனக்குக் காவல் இருக்குங்கள்” என்றார். பிறகு வெள்ளைக் கிட்டாரின் கோணல் கழுத்தைத் தடவி, “இவளுக்கு மழை வந்தா முதலே தெரியும்” என்று என்னவோ ரகசியம் மாதிரிச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் ராணியாகக் கடைசியில் வந்தது சிவப்புக் கிட்டார். நடுவில் கட்டை, இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோறை, மேல்பலகையில் கொக்கி போல வளைந்த இரண்டு ஓட்டை. கம்பியர் அதற்கு வைத்த பெயர் அரைக்கோறை. வயிற்றில் காற்று இருப்பதால் பிளக் குத்தாமலே அது கொஞ்சம் வாய் திறக்கும். ஆகவே, அரைக்கோறை எல்லோரும் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும். அப்படி ஒரு நேரம் எங்கள் அறையில் ஞாயிறு சமையல் வேளையில்தான் வரும். அப்போது இறைச்சி பொரிகிற சத்தத்தில் அதுவும் கேட்காது.

அந்த அரைக்கோறையால்தான் பிலிப்பு அண்ணை ஒருமுறை செத்துப் பிழைத்தார். கீழ்மாடியில் களவு போய்விட்டது என்ற கதை வந்தது. அண்ணைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவரிடமிருந்த ஒரே சொத்து ரெசிப்பிசே, அகதி வழக்கு முடியும்வரை கையில் தருகிற தற்காலிகத் தாள். கள்ளன் கோட்டைத் தூக்குவான், பெட்டியைத் தூக்குவான், கம்பியரின் கிட்டாரை எந்த விசரன் தூக்குவான் என்று யோசித்து, தாளை நான்காக மடித்து அரைக்கோறையின் ஓட்டைக்குள் போட்டுவிட்டார். போட்டது சுகம். மற்ற நாள் விடிய பிரெபெக்சர் கந்தோரில் தாளைப் புதுப்பிக்க வேண்டும். எடுக்கப் போனால் வருகுதில்லை.

கவிழ்த்தோம். குலுக்கினோம். முள்ளுக்கரண்டியை விட்டுத் துழாவினோம். உள்ளே சரசரவென்று சத்தம் மட்டும் வந்தது. “பின்பலகையை உடையுங்கோ” என்று ராசன் ஆலோசனை சொன்னான். கம்பியர் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூலையில் போய் நின்றார்.

“உடைக்கிறதெண்டா முதல்லை என்னை உடையுங்கோ.”

வேறு வழியில்லை. பிலிப்பு அண்ணையும் கம்பியரும் அரைக்கோறையும் மூன்று பேருமாக வரிசையில் போய் நின்றார்கள். துணைக்கு நானும் போனேன். கவுண்டரில் இருந்த மடாம் “உங்கள் ரெசிப்பிசே?” என்று கேட்டாள். பிலிப்பு அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, “மடாம்… உள்ளே” என்று கிட்டாரைக் காட்டினார். கம்பியர் அதைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிக் காட்டினார். மடாம் கொஞ்ச நேரம் அந்த இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து புருவம் பிடுங்குகிற சின்னக் குறட்டை எடுத்து, சத்திரசிகிச்சை மாதிரி ஒரு பிடி பிடித்துத் தாளை இழுத்தாள். தாள் வந்தது. கூடவே இரண்டு செத்தல் மிளகாயும் வந்தன.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மிசியே, ஒரு பாட்டு வாசியுங்கள்” என்று கேட்டாள். கம்பியர் கண்ணை மூடி வாசித்தார். பின்னால் நின்ற சனத்தின் இரைச்சலில் அவளுக்கு ஒரு சொட்டும் கேட்டிருக்காது. ஆனாலும் கைதட்டினாள்.

இதிலேதான் வில்லங்கம் தொடங்கியது. அன்று மாலை ராசன் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

“எடேய், எனக்கொரு சந்தேகம். இவருக்கு உண்மையிலை வாசிக்கத் தெரியுமோ?”

எல்லோரும் கம்பியரின் விரலைப் பார்த்தோம். உண்மைதான், ஒருவரும் கேட்டதில்லை. விரல் ஓடுவதைக் கண்டிருக்கிறோம், பாட்டைக் கேட்டதில்லை.

“உங்களுக்காகத்தானே சத்தமில்லாமல் வாசிக்கிறன்” என்றார் கம்பியர்.

“ஓமோம். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம், வாசிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்திலை ஆள் நித்திரையாம்!”

எல்லோரும் சிரித்தோம். கம்பியர் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். “ஒருநாள் பிளக் குத்திக் காட்டுறன் ராசன், அண்டைக்கு நீ உன்ரை வாயாலை சொல்லோணும்” என்றார். அதற்குப் பிறகு அவருடைய கோட்டுப் பொக்கற்றில் எப்போதும் ஒரு வயர் சுருண்டு கிடந்தது. மெட்ரோவில் போனாலும் வயர், பூசைக்குப் போனாலும் வயர். சந்தர்ப்பம் எந்த மூலையில் நிற்கும் என்று தெரியாதாம். ராசனோ, “நாளைக்கோ கச்சேரி?” என்று காணும்போதெல்லாம் குத்திக்கொண்டிருந்தான்.

சந்தர்ப்பம் பிலிப்பு அண்ணையின் கலியாணத்தில் வந்து நின்றது. பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கி, கோயிலில் தாலி ஏறி, மத்தியானம் லா கூர்னெவ்வில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. எபினேயிலிருந்து பெடியள் பாண்ட் வந்திருந்தார்கள். அவர்களுடைய கிட்டார்காரனுக்கு விமான நிலையத்தில் திடீரென்று வேலை போட்டுவிட்டார்களாம். “இஞ்சை ஆருக்காவது கிட்டார் தெரியுமோ?” என்று பாண்ட் தலைவன் மைக்கில் கேட்டான்.

மண்டபத்தில் எங்கள் மேசை முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது. கம்பியரின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் அரைக்கோறை உட்கார்ந்திருந்தது. “கலியாண வீடெல்லே, அதுவும் நாலு சனத்தைப் பாக்கட்டும்” என்று கொண்டு வந்திருந்தார்.

எழும்பினார். கோட்டுக்குள் கைவிட்டு வயரை எடுத்தார். அவசரத்தில் பிளக் முதலில் ஓட்டைக்குள் போகவில்லை. பிசகிப்போனால் மனிசன் இனி அந்த அறைக்குள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? மாதாவே, ஒரு பாட்டாவது சரியாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பைலாப் பாட்டு தொடங்கியது. முதல் சுரத்திலேயே என் தட்டிலிருந்த அப்பளம் அதிர்ந்தது.

ஐயோ, என்ன வாசிப்பு அது! அந்தப் பழஞ்சாமானுக்குள் இவ்வளவு காலமும் இத்தனை சந்தோசம் அடைபட்டுக் கிடந்ததா? சம்பந்தி வீட்டுக் கிழவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆட வந்தார்கள். பிலிப்பு அண்ணை மாலையோடு ஆடினார். புதுப்பெண் யார் இந்த மனிதர் என்று கேட்டாள். “எங்கட அறை ஆள்!” என்று ஏதோ நான் பெற்று வளர்த்த மாதிரிக் கத்தினேன்.

பாட்டின் பாதியில் கிட்டார்ச் சத்தம் இறங்கியது. இறங்கி, இறங்கி, இல்லாமலே போனது. வயர் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். கழலவில்லை. கம்பியரின் கைதான் சத்தக் குமிழைத் திருகிக் குறைத்திருந்தது. விரல்கள் மட்டும் முன்போலவே பறந்துகொண்டிருந்தன.

அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். முன்வரிசை நாற்காலியில் பாண் ராசன். இரண்டு இரவு நித்திரையில்லாமல் வேலை முடித்து, அப்படியே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவன், வாயைத் திறந்தபடி ஆழ்ந்த நித்திரையில் கிடந்தான்.

“அண்ணை, சத்தம் வருகுதில்லை!” என்று பாண்ட் தலைவன் கத்தினான்.

“ஷ்… ஆள் படுக்கிறான்.”

“அப்ப ட்ரம்ஸ் அடிக்கிறமே அண்ணை!”

“அது உங்கட அறைச் சட்டம். எங்கட அறையிலை இப்பிடித்தான்.”

மிச்சப் பாட்டு முழுவதையும் சத்தமில்லாமல், கண்ணை மூடி, ஒரு சுரம் விடாமல் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஐஸ்கிறீம் வருகிற நேரம் ராசன் கண் விழித்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தான்.

“என்ன, கம்பியர் வாசிக்கேல்லையோ? நான் அப்பவே சொன்னனான், அந்தாளுக்கு ஒண்டும் தெரியாதெண்டு.”

எங்கள் மேசையே பாய்ந்து அவன் கழுத்தைப் பிடிக்கப் போனது. கம்பியர் கையைக் காட்டி மறித்தார்.

“ஓம் ராசன், இண்டைக்கும் தப்பீட்டன்” என்று சொல்லி, தன்னுடைய ஐஸ்கிறீமையும் அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

பிறகு ஆளுக்கு ஒரு திசையாக அறை கலைந்தது. கம்பியர் தன் கிட்டார்ப் பரிவாரத்தோடு தெற்கே எங்கேயோ வேலை கிடைத்துப் போனார். எனக்கு இப்போது கூசேன்வில்லில் வீடு, தனி அறை, தனி மெத்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டுச் சரியும்போது சிலவேளை காதோரம் ஒரு நுளம்பு வந்து மெல்லப் பாடும். மனைவி அடிக்கச் சொல்லுவாள். எனக்கு அதை அடிக்க மனம் வருவதில்லை.