ஏழு மாடியில் ரூட்டருக்கு ஓர் இடம்

உலகம் தோன்றிய நாள்முதல் மனிதகுலத்தை வாட்டி வந்த கேள்விக்கு விடை காணும் பெரும்பேறு, மல்லசமுத்திரத்துக்கு அப்பால் சோளக்காட்டு நடுவே நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரிக்கே வாய்த்தது. கணினித் தகவலுக்கு வழி சொல்லும் விதியான ரூட்டிங் புரோட்டகால் எந்த லேயரைச் சேர்ந்தது?

கேள்வி சும்மா கிளம்பவில்லை. தாளாளர் தங்கசாமி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி விட்டுப் பாதி இந்தியாவை போர் போட்டுத் துளைத்த கையோடு கல்லூரி கட்டியவர். நெட்வொர்க்கில் ஏழு லேயர், அதாவது ஏழு அடுக்கு, என்று யாரோ சொன்னதும் ஏழு மாடி எழுப்பி, மாடிக்கொரு லேயரின் பெயர் வைத்துவிட்டார். முதல் மாடி பிசிக்கல் லேயர். அங்கே ஒயர்மேன் ரங்கன். ஏழாவது அப்ளிகேஷன் லேயர். அங்கே தாளாளரும் ஏசியும். கல்லூரிக்கே இணையத்துக்கு வழிவிடும் பெட்டியான ரூட்டர் மட்டும் மாடிப்படிக்குக் கீழே, விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் கிடந்து ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. நாளை ஆய்வுக்குழு வருகிறது. இந்த அவமானத்தைக் காட்டலாமா? கழற்றிவிட்டார்கள்.

ரூட்டரை எங்கே வைப்பது என்று கூடிய கூட்டத்துக்கு, உதவிப் பேராசிரியை தேவிப்ரியா மார்க் பட்டியலோடு ஓடினாள். கடைசி வருடப் பிள்ளைகளின் மார்க்கை இன்று ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும்; கல்லூரி இணைப்பைத் தவிர வேறெதிலும் அது திறக்காது. ஏற்றாவிட்டால் மொத்த வகுப்புமே ‘ஆப்சென்ட்’.

“சார், எங்கியாச்சும் மாட்டுங்க. மார்க்கை ஏத்திப்போட்டு வந்தர்றனுங்க” என்று கூட்டத்தில் கெஞ்சினாள்.

“எங்கியாச்சுமா!” துறைத்தலைவர் குணசீலன் புண்பட்டுப் போனார். “டேட்டா பாக்கெட்டுக்கு வழி காட்டறது நெட்வொர்க் லேயர் வேலைங்க. மூணாவது மாடி.” அவர் அறையும் மூன்றாவது மாடிதான், தற்செயல்.

பேராசிரியர் நந்தகுமார் எழுந்தார். “வேலை அங்கீங்க. சவாரி எதுல? ரூட்டிங் புரோட்டகால்லயே ஆர்ஐபி யுடிபி மேல ஏறிப் போகுது, பிஜிபி டிசிபி மேல ஏறிப் போகுது. யுடிபி, டிசிபி ரெண்டும் நாலாவது லேயர். அதுக்கும் மேலன்னா அப்ளிகேஷன்தானுங்களே? ஏழாவது மாடி!”

குணசீலன் விடவில்லை. “ஓஎஸ்பிஎஃப்ங்கற புரோட்டகால் நேரா மூணாவது லேயர் ஐபி மேலயே போகுதுங்களே?”

“அது ஒண்ணு போனாப் போகுதுங்க, விடுங்க.”

தாளாளர் கையமர்த்தினார். “மூணாவதுன்னே வெச்சுக்கலாம். ஆனா போர் போடறவன் மேலிருந்துதான் அடி எண்ணுவான். மேலிருந்து மூணு, அஞ்சாவது மாடி. தூக்குங்க.”

தாளாளரிடம் நேராக எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்? ரங்கன் ரூட்டரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஐந்துக்கு ஏறினார். குணசீலன் முறைத்ததும் மூன்றுக்கு இறங்கினார். நந்தகுமார் கத்தியதும் ஏழுக்கு ஏறினார். மணி நான்கு தாண்டியது. கடைசியில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: எந்த லேயரின் மனமும் நோகாதிருக்க, ரூட்டரை லிஃப்டில் வைப்பது!

கைத்தட்டல் ஓய்வதற்குள் ரங்கன் லிஃப்டுக்குக் கேபிள் இழுத்து மாட்ட, ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. தேவிப்ரியா முதல் மாடியிலிருந்த தன் மேசைக்கு விழுந்தடித்து ஓடினாள். தளம் திறந்தது. அட, திறந்தேவிட்டது! முதல் பெயரை அவள் அடிக்கும்போது தாளாளர் டீ கேட்டார். டீயோடு லிஃப்ட் மேலே ஏறியது. கேபிள் பட்டென்று அறுந்தது. மறுபடி மாட்டி முடிப்பதற்குள் ஐந்தும் அடித்துவிட்டது. பிள்ளைகளின் முகங்கள் கண்ணில் வர, அவள் மேசையிலேயே தலை கவிழ்ந்து அழுதாள்.

மறுநாள் அவசரக் கூட்டம். புரோட்டகால் எந்த லேயர் என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. தப்பு எந்த லேயர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் கல்லூரியில் ரூட்டிங் சரியில்லை என்று எவனாவது சொன்னால் நாக்கு அழுகிவிடும்: ஏழாவது மாடியில் கிளம்பிய பழி, நடுவில் குணசீலனிடமோ நந்தகுமாரிடமோ ஒரு நொடிகூட நிற்காமல், கேபிளே இல்லாமல், நேராக முதல் மாடிக்கு வந்து தேவிப்ரியாவின் தலையில் இறங்கியது.