பல்புக்கு ஒரு ஜோடி

"அப்பா, பல்புக்கு அஞ்சு ரைமிங் வேர்ட்ஸ் சொல்லுங்க" என்றாள் மகள், காலில் ஒரு ஷூவும் கையில் ஒரு ஷூவுமாக.

எலக்ட்ரீஷியன் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வீட்டில் அவரை மதித்து யாரும் கேள்வி கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அதிலும் பல்பைப் பற்றி! கல்யாணத்துக்கு முன்பிருந்தே பல்போடு குடும்பம் நடத்துகிறவர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே கரண்ட்தான்.

"ரைமிங்னா என்னடா குட்டி?"

"கேட்னா பூனை. அதுக்கு ரேட், பேட், மேட். கடைசியில ஒரே சத்தம் வரணும்."

"அவ்வளவுதானா? பல்பு... வம்பு, தெம்பு, கொழுப்பு..."

"இங்கிலீஷ்லப்பா!"

குளியலறையில் வாளி ஒன்று உருண்டது. தொடர்ந்து மனைவி யாரையோ வாய்க்குள்ளேயே திட்டுவது கேட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. வாளி எங்கன்னு காலால தேடிக் கண்டுபிடிச்சேன்" என்று நொண்டிக்கொண்டே வெளியே வந்தவள், என்றைக்கும் இல்லாத திருநாளாகச் சிரித்தாள். "குழந்தை பாவம், உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கு. இன்னிக்கு நாள் பூரா அதையே யோசிங்க. மறந்துடாதீங்க."

"சாயந்திரம் மீட்டிங்ல எல்லா அப்பா அம்மா முன்னாடியும் டீச்சர் கேப்பாங்கப்பா" என்றாள் மகள்.

மீட்டிங் என்றதும் அவர் மறுபடியும் தேநீர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். போன மீட்டிங்கில் டீச்சர் சிலபஸ் பற்றி ஏதோ சொல்ல, "பஸ்ஸெல்லாம் வேணாம் டீச்சர், நானே வண்டியில கொண்டாந்து விட்டுடறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். பின் பெஞ்சில் ஒரு கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அதுகூடப் பரவாயில்லை. மகள் அவர் கையை மெதுவாக விட்டுவிட்டு நகர்ந்து நின்றாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

"அஞ்சு என்ன, பத்தாவே கொண்டாரேன்" என்றார். மகள் அவரை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவர் ஈரக் கையோடு மெயின் சுவிட்சைத் தொடவும் தயாராக இருந்தார்.

அவர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது பக்கத்துத் தெரு அடுக்குமாடிக் குடியிருப்பில். இரண்டாம் மாடியில் ரிட்டயரான இங்கிலீஷ் புரபசர் வீட்டில் ஃபேன் சுற்றவில்லை, காலிங்பெல்லும் அடிக்கவில்லை. இங்கிலீஷே காலடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது வேறெங்கே போய் அலைவது என்று எலக்ட்ரீஷியன் ஏணியில் இருந்தபடியே கேட்டார்.

"சார், பல்புக்கு ரைமிங் என்ன சார்?"

புரபசர் முகம் மலர்ந்தது. அவரிடமும் யாரும் கேள்வி கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "ஓ, நிறைய இருக்கேப்பா! மொதல்ல வந்து..." என்று தொடங்கி அங்கேயே நின்றார். பேப்பரை மடித்தார். எழுந்து நடந்தார். ஏ, பி, சி என்று வரிசையாக ஒவ்வொரு எழுத்தையும் முன்னால் ஒட்டிப் பார்த்தார். டல்ப் என்றார், ஃபல்ப் என்றார், ஜல்ப் என்றார். கடைசி எழுத்தும் தீர்ந்துபோனதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கிடையாதுப்பா. அந்த வார்த்தைக்கு ஜோடியே கிடையாது."

"அதெப்படி சார்? ஒண்ணாங்கிளாஸ் குழந்தைகிட்ட கேக்கறாங்க. குழந்தைக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது உங்களுக்கே..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்களுக்கே?" என்றார் புரபசர், எழுந்து நின்று.

எலக்ட்ரீஷியன் ஃபேனுக்கும் பெல்லுக்கும் பொதுவான ஒயர்ப் பெட்டியின் மூடியை அவசர அவசரமாகத் திருகினார். அவ்வளவு நேரமும் வாய் பல்பு, பல்பு என்று முணுமுணுத்துக்கொண்டிருக்க, கை எந்த ஒயரை எதோடு சேர்த்தது என்பது அந்தக் கைக்கே வெளிச்சம். சோதித்துப் பார்க்காமலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

லிஃப்டில் செக்ரட்டரி மாட்டினார். குழாய் சொட்டினால்கூடச் சுற்றறிக்கை விடுவார் என்பதால் அவருக்கு அங்கே சர்க்குலர் என்று பெயர்.

"ஏம்ப்பா கரண்ட், முகம் ஃபியூஸ் போன மாதிரி இருக்கு?"

எலக்ட்ரீஷியன் கதையைச் சொன்னார்.

"இதுக்கா கவலைப்படற? நம்ம பில்டிங்ல இல்லாத படிப்பா? இப்பவே குரூப்ல போடறேன் பாரு" என்று சர்க்குலர் செல்போனை எடுத்தார். அங்கேதான் சனியன் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

முதல் பதில் டியூப்லைட் என்று வந்தது. அடுத்ததாக ஒருவர் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். மூன்றாம் மாடி அம்மாள், இதே சாக்கில், தன் வீட்டுக்கு மேல் வீட்டில் தினமும் கட்டில் இழுக்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். பிறகு கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் வந்தார்.

"பல்ப்" என்று போட்டார்.

"அதான் டாக்டர் கேள்வியே" என்றார் சர்க்குலர்.

"அது இல்ல சார். பல்லுக்குள்ள நரம்போட மெத்துனு ஒண்ணு இருக்கும். அதுக்கும் பேரு பல்ப்தான். தினமும் அதைத்தான் நோண்டிக்கிட்டிருக்கேன்."

புரபசர் குரலிலேயே செய்தி அனுப்பினார். முழு பில்டிங்கும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டது. "விளக்கு சொல்றப்போ உதடு மெதுவா மூடணும். பல்லைச் சொல்றப்போ வெடிக்கணும். ரெண்டும் வேற வேற. பல்லைப் பிடுங்கறவங்க மொழியையும் பிடுங்க வேணாம்!"

பல் டாக்டர் ஒரு பேஷன்டை வாய் பிளந்தபடி நாற்காலியிலேயே விட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இரண்டாம் மாடிக்கு ஏறினார். புரபசர் வீட்டு காலிங்பெல்லை ஓங்கி அழுத்தினார். பெல் அடிக்கவில்லை. உள்ளே ஃபேன் தலைதெறிக்கச் சுற்றியது. மேஜைமேல் புரபசர் அடுக்கி வைத்திருந்த காகிதங்கள் அத்தனையும் எழுந்து கூடம் முழுக்கப் பறந்தன. ஃபேனை நிறுத்த அவர் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினார். பெல் அலறியது.

"இப்ப எதுக்கு உள்ளேருந்து நீங்களே பெல் அடிக்கிறீங்க?" என்று கதவுக்கு வெளியே டாக்டர் கத்தினார்.

"நீர் எதுக்கய்யா வெளியிலேருந்து ஃபேன் போடறீர்?" என்று உள்ளே புரபசர் கத்தினார்.

மத்தியஸ்தம் செய்யக் கிளம்பிய சர்க்குலர், தன் வழக்கப்படி அதை ஓட்டெடுப்புக்கு விட்டார். பல் கட்சி அமோகமாக ஜெயித்தது. ஓட்டுப் போட்டு இங்கிலீஷை முடிவு செய்யும் கட்டடத்துக்கு இனி மெயின்டனன்ஸ் கட்டப் போவதில்லை என்று புரபசர் அறிவித்தார். அப்படியென்றால் தாங்களும் கட்டவேண்டாமே என்று, இங்கிலீஷில் எந்த அபிப்பிராயமும் இல்லாத நாலு வீட்டுக்காரர்கள் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

சர்க்குலர் எலக்ட்ரீஷியனை மாடிப்படிக்கடியில் பிடித்தார். "ஏம்ப்பா, ஒழுங்கா இருந்த பில்டிங்கை ரெண்டாக்கிட்டியே! ஃபேன் மாட்ட வந்தவனுக்கு இங்கிலீஷ் எதுக்குப்பா?"

"குழந்தைக்காக சார்..."

"சாயந்திரம் கமிட்டி கூடுது. உன்னை வச்சுக்கறதா வேணாமான்னு அதுக்கும் ஒரு ஓட்டு. இப்பவே சொல்லிட்டேன்."

எலக்ட்ரீஷியன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கணக்குப் போட்டார். வேலை போனால் போகட்டும், எப்படியும் புரபசர் காலில் விழுந்து சரிசெய்துவிடலாம். மறுபடியும் மீட்டிங்கில் மகள் கையை விட்டுவிட்டால் யார் காலில் விழுவது? பையில் ஒரே ஒரு வார்த்தைதான் தேறியிருந்தது, அதுவும் ஓட்டில் ஜெயித்தது.

மீட்டிங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. சட்டென்று ஒரு யோசனை வந்தது. பல்பு அட்டைப்பெட்டியில் நாலு பக்கமும் இங்கிலீஷாகத்தானே அச்சடித்திருக்கிறார்கள்? அதில் ஏதாவது அகப்படாதா? எலக்ட்ரிக்கல் கடைக்கு ஓடினார். அலமாரியில் இருந்து ஒரு பல்பை எடுத்து, பெட்டியைத் திருப்பித் திருப்பி எழுத்துக்கூட்டினார்.

"நல்ல பல்புண்ணே, சீக்கிரம் போகாது. பில் போட்டுடவா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கெதுக்குய்யா பல்பு? பல்புக்கு ஜோடி வேணும்!"

"ஜோடியா எடுத்தா விலை குறைச்சுத் தர்றேண்ணே."

"யோவ், காலையிலேருந்து இந்தப் பல்பால நான் படற பாடு போதாதா? இனிமே பல்புன்னு ஒரு வார்த்தை பேசினே, நடக்கறதே வேற!"

பல்பை இருந்த இடத்திலேயே டொக்கென்று வைத்துவிட்டு, வண்டியை உதைத்தார்.

வகுப்பறையில் அப்பா அம்மாக்கள் எல்லாரும் முழங்கால் மோவாயில் இடிக்க, குட்டிப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பின் பெஞ்சில் அதே கண்ணாடிக்காரர். மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னக் கை கொடுத்த தைரியத்தில், டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் எழுந்தார். முதலில் நாம் பாய்ந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"டீச்சர், நான் அதிகம் படிக்காதவன்தான். அதுக்காக இப்படியா? பல்புக்கு ரைமிங் இல்லவே இல்ல. புரபசரே தலையில கையை வச்சுட்டார். டாக்டர் சண்டைக்கு வந்துட்டார். ஒரு பில்டிங்கே ரெண்டாப் போச்சு. இல்லாத ஒண்ணை ஒரு பச்சைக் குழந்தையைத் தேடச் சொன்னா அது என்ன டீச்சர் நியாயம்?"

எவரும் எதிர்பாராத விதமாகக் கண்ணாடிக்காரர் கைதட்டினார். "கரெக்டா கேட்டீங்க சார்! எங்க வீட்டுலயும் இதே கொடுமைதான்!" மற்ற பெஞ்சுகளிலும் தலைகள் ஆடின. எலக்ட்ரீஷியனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெருமையோடு மகளைக் குனிந்து பார்த்தார். அவள் பெஞ்சுக்கடியில் நுழைய இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் திருதிருவென்று விழித்தார். "பல்பா? நான் எங்க சார் பல்பு கொடுத்தேன்? நான் கொடுத்தது கேட். பூனை. உங்க பொண்ணு நேத்து கிளாஸ்லயே ரேட், பேட், மேட்னு அஞ்சும் எழுதிக் காட்டிட்டாளே. வீட்டுக்குன்னு நான் எதுவுமே கொடுக்கலையே."

கைதட்டல் நின்றது. கண்ணாடிக்காரர் கையை மெதுவாகக் கீழே இறக்கி, பாக்கெட்டில் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

எலக்ட்ரீஷியன் மண்டியிட்டுப் பெஞ்சுக்கடியில் எட்டிப் பார்த்தார். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "குட்டி, அப்பாவுக்கு வேலையே போகப்போகுதுடா. பல்புன்னு யாருடா சொன்னது?"

மகள் அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். அதற்குள்ளும் எட்டிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் உதடு பிதுங்கியது.

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க. நாள் பூரா பல்பு பல்புன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சா, நம்ம வீட்டு பாத்ரூமுக்கு இன்னிக்காவது ஒண்ணு வாங்கிட்டு வருவீங்களாம். எங்கப்பா பல்பு?"