பொறும் அண்ணையும் மாற்றக் கூடாத பல்பும்

வலிகாமத்தில் பழைய கார் வைத்திருந்துவிட்டு, பொறும் அண்ணையிடம் ஏச்சு வாங்காமல் தப்பிய ஒருவரும் இல்லை. நான் தப்பினேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் கார் இருந்திருக்காது, இருந்திருந்தால் அது ஓடியிருக்காது.

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்தவர். தாய் தகப்பன் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. என்ன சொன்னாலும் முதலில் "பொறும்" என்பார், அதுவே பெயராகிவிட்டது. ஹோர்ன் அடிக்கவில்லை என்றாலும் பொறும், வயர் எரிந்து புகை வருகிறது என்றாலும் பொறும். ஒருமுறை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன கார் வழியில் நின்று, தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகூர்த்தம் தவறப்போகிறது என்று மாப்பிள்ளையின் தகப்பன் துள்ளினார். "பொறும். தாலி கட்டின பிறகு ஆயுசு முழுக்கப் பொறுக்கத்தானே வேணும், இப்பவே பழகட்டும்" என்றார் அண்ணை. மாப்பிள்ளை சிரித்தார். தகப்பன் அடுத்த தடவை வேறு கராஜுக்குப் போனார்.

டாஷ்போர்ட் வேலை என்றால் இன்னும் விசேஷம். பகல் வெளிச்சத்தில் மீற்றருக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பல்புகள் எரிகின்றனவா என்று தெரியாது. அதற்காக அண்ணை ஒரு கறுப்புப் போர்வையை எடுத்துத் தன்னையும் ஸ்டியரிங்கையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே இருப்பார். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர் விஷயம் தெரியாமல் வந்து, கார்க் கண்ணாடியில் தட்டி, "ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டிருக்கிறார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை எழும்பி, "பொறும்" என்றிருக்கிறது. அதிபர் ஓடிய ஓட்டத்தில் செருப்பு கொட்டிலிலேயே கிடந்தது. இரண்டு நாள் கழித்து ஆளனுப்பி அதை எடுத்தார்.

எனக்கு அறுபது தாண்டியதும் காரின் மீற்றர் மங்கத் தொடங்கியது. மங்கியது மீற்றர் அல்ல, என் கண் என்று மனைவி சொன்னாள். இரண்டும்தான். எண்பதுகளில் ஜப்பானில் செய்த கார். அதன் மஞ்சள் பல்புகள் அணையப்போகும் சுட்டி விளக்குப் போல எரிந்தன.

"மீற்றர் தெரியாட்டில் காரை வித்துப்போடுங்கோ. உங்களோட சேர்ந்து மதிலிலை மோத எனக்கு விருப்பமில்லை" என்றாள்.

விற்க எனக்கு மனமில்லை. அண்ணையிடம் போய், எல்லாப் பல்புக்கும் எல்.ஈ.டி. போடச் சொன்னேன். போட்டார். ஒரு முழுப் பகல் போர்வைக்குள் இருந்தார். "உந்தச் சாமானுக்குத் தலையும் வாலும் இருக்கு. திருப்பிப் போட்டா எரியாது. பழைய பல்புக்கு உந்த எடுப்பெல்லாம் இல்லை" என்று உள்ளிருந்து புறுபுறுத்தார். வெளியே வந்தபோது டாஷ்போர்ட் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் மாறவில்லை. பற்றரிக்குக் குறை வந்தால் சிவப்பாக எரியுமே, அந்த விளக்கின் பல்ப்.

"அதையும் மாத்துங்கோ அண்ணை."

"மாத்தேலாது. மாத்தினா பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது, கார் நடுறோட்டிலை செத்துப்போகும்."

"உந்தச் சின்னப் பல்புக்கும் பற்றரிக்கும் என்ன தொடர்பு?"

"பொறும், சொல்லுறன்."

நான் பொறுக்கவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர்கள் சிரித்தார்கள். அண்ணை சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு ஸ்பானர்களைத் துடைக்கத் தொடங்கினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், ஒரு பல்பைக் கழற்றினால் கார் செத்துவிடும் என்று நம்பும் மனிதரைப் பற்றி எழுதினேன். பெயர் போடவில்லை. போர்வையைப் போட்டேன், அது போதுமாக இருந்தது. எனக்கு அவ்வளவு பாராட்டு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் இல்லை. தேத்தண்ணிக் கடையில் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் கொட்டிலை எட்டிப் பார்த்து, "அண்ணை, என்ரை காருக்கு எந்தப் பல்பிலை உயிர் இருக்கு?" என்று கேட்டான். கேட்டவர்கள் வேலைக்கு மட்டும் கொக்குவிலில் புதிதாகத் திறந்த கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போனார்கள். அண்ணையிடம் இருந்த கைமுதல் அவருடைய பெயர் ஒன்றுதான். அதை நான் ஒரு பக்கப் பகிடிக்காகச் செலவழித்தேன்.

சில மாதம் கழித்து நானும் கொக்குவிலுக்குத்தான் போனேன். அந்தக் கடைசிப் பல்பையும் பத்து நிமிடத்தில் மாற்றித் தந்தார்கள். அதற்குப் பிறகு சிவப்பு வெளிச்சம் எட்டியும் பார்க்கவில்லை. பற்றரி நல்ல சுகமாக இருக்கிறது என்று மனைவியிடம் பெருமை பேசினேன்.

ஒரு கிழமை போனது. கொக்குவில் ரயில் கடவையில், தண்டவாளத்துக்கு நட்ட நடுவே, கார் ஒரு விக்கல் விக்கி நின்றது. திறப்பைத் திருகினால் சத்தமே இல்லை. "இறங்குங்கோ, கோச்சி வாற நேரம்!" என்று மனைவி கத்தினாள். காய்கறி ஏற்றிப் போன இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக் கடையில் புதுப் பற்றரி போட்டார்கள். அடுத்த கிழமை அதுவும் செத்தது. அதைச் சார்ஜ் ஏற்றித் தந்தார்கள், காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

கொட்டிலுக்குப் போனால் அங்கே கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். அண்ணை இணுவிலில் தன் வீட்டு வளவில் இருந்தார். ஒரு காரும் இல்லை. என்னைக் கண்டதும் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாஷ்போர்ட்டைக் கழற்றி, அந்த எல்.ஈ.டி.யை எடுத்துப் பார்த்தார்.

"திருப்பிப் போட்டிருக்கிறாங்கள். அதுதான் சிவப்பு வரேல்லை. சரியாப் போட்டிருந்தாலும் சரிவராது. பழைய பல்புக்குள்ளாலை போற கரண்டிலைதான் சார்ஜ் ஏத்திற அல்டர்நேற்றர் முழிக்குது. உந்த எல்.ஈ.டி. அவ்வளவு கரண்டை விடாது. அண்டைக்குச் சொல்ல வந்தனான்."

ஒரு டப்பாவிலிருந்து பழைய மாதிரிப் பல்ப் ஒன்றை எடுத்துப் போட்டார். கார் உடனே திருந்தியது.

"அண்ணை, அந்தக் கட்டுரை..." என்று இழுத்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருந்தீர். நானும் சிரிச்சனான்" என்றார். பிறகு பல்ப் டப்பாவை மூடிக்கொண்டே, "என்ரை மனுசிதான் அழுதவ" என்றார்.

அடுத்த கிழமையே திருத்தம் எழுதினேன். அவர் சொன்னதே சரி, நான் சொன்னது முட்டாள்தனம் என்று, அல்டர்நேற்றர் முதற்கொண்டு விளக்கமாக எழுதினேன். அதை ஒருவரும் வெட்டி ஒட்டவில்லை. பகிடி இல்லாமல் வறண்டுபோயிருக்கிறது என்று ஒரு வாசகர் கடிதம் போட்டார். கொட்டிலை விட்டுப் போன கார்கள் திரும்பி வரவுமில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் வளவுக்குப் போகிறேன். காரில் ஒரு குறையும் இல்லை. "ஏதோ கிறீச் எண்டு சத்தம் கேக்குது அண்ணை" என்று பொய் சொல்கிறேன். பொய் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பொனற்றைத் திறந்து, காதைச் சாய்த்து, இல்லாத அந்தச் சத்தத்தை அரை மணித்தியாலம் தேடுகிறார். கிடைத்துவிடக் கூடாதே என்று நான் பக்கத்தில் நிற்கிறேன்.