குறியைத் திருப்ப விடாத அப்பா

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கணக்கு டீச்சர், ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டுமென்றே மார்க்கைக் குறைக்கிறாராம். டீக்கடையில் கேட்டேன். இந்த வதந்தியைக் கிளப்பியவர் யார் என்று விசாரித்ததுமே இனம் தெரிந்துவிட்டது: வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் அப்பா.

இவரை உங்களுக்குத் தெரியும். மில்லில் இருந்து வந்து சட்டையைக் கழற்றும் முன்பே பிள்ளையின் பேனாவைப் பிடுங்குவார். "இதெல்லாம் நான் மனக்கணக்காவே போட்டது" என்பார். புத்தகத்தைத் திறக்கமாட்டார், திறந்தால் அது தன்னை எதிர்த்துப் பேசுமோ என்ற பயம். பிள்ளை சரியாகப் போட்டிருந்தால் அதைத் திருத்தாமல் எழுந்திருக்கமாட்டார். சோறு இறங்குமா?

இந்த இனத்துக்கு உதாரணம், வதந்தியைக் கிளப்பிய வேல்பாண்டி. ராஜபாளையத்து நூல்மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மகள் சத்யப்பிரியா ஸ்ரீவில்லிபுத்தூரில் படிக்கிறாள். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் −2x < 6 என்ற கணக்குக்கு x > −3 என்று விடை எழுதியிருந்தாள்.

"ஏட்டி, குறியை எதுக்குத் திருப்புன?"

"மைனஸால வகுத்தா திருப்பணும்ப்பா."

"ஓடுற மெஷினை எவனாச்சும் ரிவர்ஸ்ல போடுவானா? இருந்தபடி வையி."

வைத்தாள். பரீட்சையிலும் அப்படியே வைத்தாள். ஒரு மார்க் போனது. அந்த ஒரு மார்க்கில் பள்ளியின் கணக்கு வினாடிவினா அணியில் அவள் இடமும் போனது. வேல்பாண்டி லீவு போட்டுவிட்டு நியாயம் கேட்கக் கிளம்பினார். வதந்தியைச் சரிபார்க்க நானும் அதே பஸ்ஸில் ஏறினேன்.

டீச்சர் ஃபஸீலா கோபப்படவே இல்லை.

"உங்க விடைப்படி x மைனஸ் மூணை விடச் சின்னது. சரியா சார்? அப்ப மைனஸ் அஞ்சைப் போட்டுப் பாருங்க."

"மைனஸ் ரெண்டு, மைனஸ் அஞ்சு... பெருக்குனா பத்து."

"பத்து, ஆறை விடச் சின்னதா?"

"சிலபஸை மாத்திட்டாவ போல."

"சிலபஸ் மாறலாம் சார். பத்து எங்க போகும்?"

"சரி, பிள்ளையை டீம்ல சேர்த்துக்கிடுங்க."

"பேரை நேத்தே அனுப்பியாச்சே."

வராந்தாவில் நின்றிருந்த சத்யப்பிரியா, "எப்பா, முடிஞ்சிருச்சுன்னா நான் கிளாஸுக்குப் போறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லியிருக்கலாம்.

ஆக, வதந்தி பொய். ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே அவர் புதிதாக ஒன்றை ஆரம்பித்துவிட்டார்: விடை வந்தபின்னும் நம்பரைப் போட்டுப் பார்த்து அந்த டீச்சர் கணக்கை ரொம்ப இழுக்கிறாராம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் பிள்ளை சரியாக எழுதியதில் கடைசியாக எதை அடித்துத் திருத்தினீர்கள் என்று மட்டும் பிள்ளையிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அதுவும் அம்மா இல்லாத நேரத்தில்; இருந்தால் பட்டியல் நீளும்.

வேல்பாண்டி இப்போது மகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறார். "என் தப்புதாம்மா" என்று அவளிடம் சொல்லவேண்டியது மட்டும் இன்னும் பாக்கி.